நல்ல கலர்

தமிழில் மொழிபெயர்ப்பு நூல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், அவற்றை மொழிபெயர்ப்பவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் நூல்களை அச்சுக்கு முன்னாலேயே படித்துவிடுகிற, பெயர் அச்சாகாத ஆட்களில் நான் ஒருத்தி. இருபது ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். ஒற்று மிகுமா மிகாதா, ‘கறுப்பு’க்கு வல்லினமா இடையினமா என்பதெல்லாம்தான் என் பிழைப்பு. (வல்லினம்தான். கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள என்று தொல்காப்பியர் முதலில் கோபத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் நிறத்தையும் உணர்த்தும் என்கிறார்.) மொழிபெயர்ப்பில் கை வைக்கும் உரிமை எனக்குக் கிடையாது. சந்தேகம் வந்தால் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடலாம், அவ்வளவுதான். அப்படிப் போட்டு, பதில் வராமலே போன சில கேள்விக்குறிகளைப் பற்றித்தான் இந்த மடல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொகுப்பு மெய்ப்புக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களின் நாவல்களிலிருந்து ஒவ்வோர் அத்தியாயமாக எடுத்துச் செய்திருந்தார்கள். உரிமை வாங்குவதில் ஏதோ சிக்கலாகி, கடைசிவரை அச்சேறவில்லை. மொழிபெயர்த்தவர் உழைப்பாளி, ஒரு வரிகூட விடவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்திலேயே ‘மஞ்சள் நிறப் பெண்’ ஒருத்தி வந்தாள். நான் பென்சிலை எடுத்தேன்.

அமெரிக்கக் கறுப்பர்கள் தங்களுக்குள் வெளிர்நிறக்காரர்களை ‘எல்லோ’ என்பார்கள். ‘ஹை எல்லோ’ என்றால் அதிலும் ஒரு படி மேலே. அதை அப்படியே மஞ்சள் என்று போட்டால் தமிழ் வாசகருக்கு என்ன தோன்றும்? மஞ்சள் பூசிக் குளித்தவளா, காமாலை வந்தவளா என்றுதான். இலக்கியம் படித்தவர்களுக்குப் பசலை நினைவுக்கு வரும். வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டில் தலைவியின் மாமை நிறத்தைத் தின்னப் பார்ப்பது பசலைதானே! அங்கே அழகு மாமை, மாந்தளிரின் நிறம். வெளிறிப்போவது நோய். அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு ‘மஞ்சள் நிறப் பெண்’ணை எல்லோரும் ஏக்கத்தோடு பார்த்தார்கள் என்று எழுதினால் எங்கே ஒட்டும்?

ஆனால் நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. ‘நல்ல செவப்பு’ என்று போட்டிருந்தால் போதும். நாம் வெள்ளை என்று சொல்வதில்லை, சிவப்பு என்கிறோம். அமெரிக்காவிலும் ‘ரெட்போன்’ என்று வெளிர்நிறக் கறுப்பர்களைச் சொல்வதுண்டு, அதனால் துரோகம்கூட இல்லை. இன்னும் வீட்டுக்குள் போனால் ‘கலர்’ இருக்கிறது. ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் என்ன கலர் என்று எந்தத் தமிழரும் திருப்பிக் கேட்கமாட்டார். ‘நிறம் கொஞ்சம் கம்மி’ என்றாலும் அப்படியே. ஏதோ உப்பு கம்மி, சர்க்கரை கம்மி என்பதுபோல, அளந்து பார்த்துக் குறைந்துபோன ஒரு பண்டம். இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ‘கலர்டு’ என்றால் வெள்ளையர் அல்லாதவர், பேருந்திலும் பள்ளிக்கூடத்திலும் தள்ளி உட்காரவேண்டியவர். அதே ஆங்கிலச் சொல் நம் வீட்டுக்கு வந்ததும் தலைகீழாகிவிட்டது. இங்கே கலர் உள்ளவள்தான் முன்வரிசை. அந்தத் தொகுப்பில் ‘கலர்டு பெண்மணி’ என்று ஓரிடத்தில் அப்படியே விட்டிருந்தார்கள். என் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ‘அப்ப வெள்ளைக்காரிதானே?’ என்றார்.

சொல் தேர்வுதானே, இதற்கு ஒரு மடலா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குச் சொல் மட்டும் பிரச்சினை இல்லை.

உங்களில் பெரும்பாலோர் கைவசம் வைத்திருக்கும் சொல் ‘நிறவெறி’. தென்னாப்பிரிக்க அரசின் பழைய சட்டத்துக்கும் அதுதான், மிசிசிப்பியில் மனிதனைக் கட்டித் தூக்கிய கும்பலுக்கும் அதுதான், ‘பொண்ணு நிறம் பத்தாது’ என்று வரனைத் தட்டிக்கழித்த அத்தைக்கும் அதுதான். அத்தைக்கு வெறியெல்லாம் கிடையாது. வரனை வேண்டாம் என்ற கையோடு பாயசம் ஊற்றித் தருவார். ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று தலையைத் தடவுவார். அந்த ‘ஆனாலும்’, ‘இருந்தாலும்’தான் சங்கதி. நிறவெறி என்ற சொல்லைப் பார்த்ததும் அத்தை புத்தகத்தை மூடிவிட்டு, ‘பாவம், அமெரிக்காக்காரங்க’ என்று எழுந்து போய்விடுகிறார். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் ‘கலரிஸம்’ என்று தனியாக ஒரு சொல்லை உண்டாக்கியது இதற்காகத்தான். ஒரே இனத்துக்குள், நிறத்தை வைத்து மட்டும், ஒருவரை மேலாகவும் ஒருவரைக் கீழாகவும் நடத்துவது. அதற்கு நீங்கள் ‘நிறப்பாகுபாடு’ என்று போடுகிறீர்கள். தப்பில்லை. கருத்தரங்குக்குச் சரி. நாவலுக்குள் அது வாய் திறக்காது.

வாலஸ் தெர்மனை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் வந்த அவருடைய நாவல் ‘தி பிளாக்கர் தி பெர்ரி’. ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்தில், வெளிர்நிறக் கறுப்பர் குடும்பம் ஒன்றில், எம்மா லூ என்ற பெண் அப்பாவின் நிறத்தோடு பிறந்துவிடுகிறாள். பள்ளி முடிக்கும் விழாவில் அத்தனை வெள்ளை முகங்களுக்கு நடுவில், வெள்ளை அங்கிக்கு மேலே அவள் முகம் மட்டும் கறுப்பு. ஆனால் அவளை முதலில் காயப்படுத்தியது அந்த வெள்ளை முகங்கள் அல்ல. பாட்டி. தலைமுறைக்குத் தலைமுறை வெளுத்துக்கொண்டே போகவேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் தாரக மந்திரம். அம்மா சொல்வாள்: கறுப்பாய்ப் பிறந்தாலும் பையனாக இருந்தால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம், பெண்ணுக்குத் துக்கம்தான் மிஞ்சும். இதை நான் எங்கள் ஊரில் கேட்டதில்லை என்று நினைக்கிறீர்களா? ‘ஆம்பளப் புள்ளைக்கு என்ன நிறம் வேண்டிக்கெடக்கு.’ என் தம்பிக்கும் எனக்கும் ஒரே நிறம்தான்.

எம்மா லூ, நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெமுக்குப் போகிறாள். அங்கே கறுப்பர்கள் நடுவிலும் வேலை கிடைப்பதில்லை, காதலனும் நிற்பதில்லை. முகத்தை வெளுக்கவைக்கும் என்று நம்பி ஆர்சனிக் வில்லை தின்கிறாள். ஆர்சனிக், பாஷாணம்! நம் வீடுகளில் மாசமாய் இருப்பவளுக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுத் தருகிறோமே, அது விஷமில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். கசக்கும்போதும் சிரித்துக்கொண்டே குடிக்கச் சொல்வார்கள்.

எம்மா லூவின் பாட்டி ‘நீல நரம்பு’ வட்டத்தைச் சேர்ந்தவள். மணிக்கட்டில் நீல நரம்பு தெரிகிற அளவுக்குத் தோல் வெளுத்திருப்பவர்களின் கூட்டம் என்று பொருள். சார்ல்ஸ் செஸ்னட் அதற்கும் 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1898இல், இப்படி ஒரு சங்கத்தைக் கதையில் வைத்துவிட்டார். தொகுப்பில் ‘நீல நரம்பினர்’ என்று போட்டு, அடிக்குறிப்பில் நான்கு வரி விளக்கம். அடிக்குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஆச்சியின் குரல்தான் கேட்டது. ஊரில் எந்த அழகியைப் பற்றிப் பேசினாலும் ஆச்சி சொல்வது: ‘வெத்தலச் சாறு தொண்டயில எறங்குறது வெளிய தெரியும்டி அவளுக்கு.’ அங்கே நரம்பு, இங்கே வெற்றிலைச் சாறு. அடிக்குறிப்பில் இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் மற்ற நான்கு வரியும் தேவைப்பட்டிருக்காது.

தெர்மன் நாவலின் தலைப்பையும் சொல்லவேண்டும். கறுக்கக் கறுக்கத்தான் பழம் இனிக்கும் என்ற நாட்டார் சொல்லிலிருந்து வந்தது. தொகுப்பில் ‘கருமையான பெர்ரி’ என்றிருந்தது. பெர்ரி வேண்டாம், நாவற்பழம் போடலாமே என்று எழுத நினைத்து, ஹார்லெமில் நாவல் மரம் ஏது என்று விட்டுவிட்டேன். பிறகுதான் உறைத்தது. ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி.’ இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியில் கிடைக்கும்? பானையின் அடியில் தீய்ந்து ஒட்டிய சோறுதான் காந்தல். ருசிதான், ஆனால் விருந்தாளி இலையில் அதை யாரும் வைப்பதில்லை. தெர்மனின் தலைப்பில் உள்ள கேலியும் அதேதான். வாயால் புகழ்வார்கள், பந்தியில் பரிமாறமாட்டார்கள்.

சரி, எல்லாவற்றையும் நம் அடுப்படிக்குள் இழுத்துப் போட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். நிறம் ஒரு பாதிதான், மறுபாதி சட்டம். 1892இல் நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகள் எட்டுப் பேரில் ஒருவர்தான் கறுப்பர் என்பது கணக்கு. பார்த்தால் தெரியாது, அவரே சொல்லித்தான் நடத்துநருக்குத் தெரிந்தது. கைது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1896இல் ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று தீர்ப்பானது. கண்ணுக்கு வெள்ளை, கணக்குக்குக் கறுப்பு. இந்த இடத்தில் ‘நிறம்’ என்ற சொல் கைவிட்டுவிடுகிறது. ‘இனம்’ என்று போட்டால் ஈழத்து வாசகருக்கு வேறு ஒரு வரலாறே வந்து நிற்கும். ‘சாதி’ என்று போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. போடாதீர்கள். சாதியும் பிறப்பால் ஒட்டுவதுதான், நிறத்தைப் பார்த்துச் சாதியை ஊகிக்கிற அசிங்கம் நம்மிடமும் உண்டு. ஆனாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை உட்காரவைத்தால் இரண்டையும் பார்க்கமுடியாமல் போகும். இங்கே மட்டும் அடிக்குறிப்பு வேண்டும், நீளமாகவே இருக்கட்டும்.

இந்தச் சட்டத்தின் இடுக்கில் பிறந்ததுதான் ‘பாஸிங்’. கறுப்பராகப் பிறந்தவர், தோல் இடம் கொடுத்தால், வெள்ளையராகவே வாழ்ந்துவிடுவது. நெல்லா லார்சன் இதே பெயரில் 1929இல் நாவல் எழுதினார். சிகாகோவில் ஆகஸ்டு வெயில். மொட்டைமாடி உணவகம் ஒன்றில் ஐரின் குளிர்ந்த தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். எதிர் மேசைப் பெண் வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள். தான் கறுப்பினத்தவள் என்று கண்டுபிடித்துவிட்டாளோ என்று ஐரினுக்குத் திக்கென்கிறது. அந்த எதிர் மேசைக்காரி கிளேர், இவளுடைய பால்யத் தோழி. அவளும் அதே வேடத்தில்தான் இருக்கிறாள், அதுவும் முழுநேரமாக. கறுப்பர்களை வெறுக்கும் ஒரு வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வரவரக் கறுத்துப்போகிறாள் என்று சொல்லி, கறுப்பர்களை ஏசும் சொல்லைச் சுருக்கி, அதையே செல்லப் பெயராக வைத்துக் கூப்பிடுகிறான் அந்தக் கணவன். உண்மை தெரியாமல்!

‘பாஸிங்’ என்பதற்கு அந்தத் தொகுப்பில் ‘கடந்து செல்லுதல்’ என்றிருந்தது. கேள்விக்குறி போட்டேன். இரண்டாம் மெய்ப்பில் ‘தேர்ச்சி’ என்று மாறி வந்தது. ஒருவிதத்தில் அதுவும் பரீட்சைதான் என்று சிரித்துக்கொண்டேன். என்னைக் கேட்டால் ‘ஒப்பேற்றுதல்’. ‘வெள்ளைக்காரின்னு ஒப்பேத்திட்டா.’ அதில் திறமையும் இருக்கிறது, திருட்டுத்தனமும் இருக்கிறது, எப்போது மாட்டுவோமோ என்ற பதைப்பும் இருக்கிறது.

இந்தச் சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1994. எனக்கு 20 வயது. வரன் பார்க்கப் படம் எடுக்க அம்மா ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். மாடிப்படி ஏறியதும் ஒரு அறை, நீலத் திரை, சீப்பு, பவுடர் டப்பா, பவுடர் படிந்த கண்ணாடி. கிளம்பும்போதே ஒரு தடவை பூசியாகிவிட்டது, ஸ்டூடியோக்காரர் இன்னொரு தடவை பூசிக்கொள்ளச் சொன்னார். கழுத்தோடு நிறுத்திவிட்டதால் கழுத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவர் அம்மாவிடம் கேட்டார்: ‘பாப்பாவுக்குப் பிரிண்ட்ல கொஞ்சம் கலர் ஏத்திரலாமா?’ அம்மா யோசித்தார். காசு யோசனை இல்லை. ‘ரொம்ப ஏத்த வேணாம். நேர்ல பாக்கும்போது தெரிஞ்சிரும்ல’ என்றார்.

லார்சனைப் படிக்கும்போது ஐரினின் பயத்தை நான் அகராதியில் தேடவில்லை.

அதே தொகுப்பில் தலைகீழான ஒரு தவறும் இருந்தது. டோனி மாரிசனின் ‘தி புளூயஸ்ட் ஐ’, 1970இல் வந்த அவருடைய முதல் நாவல். நீலக் கண் வேண்டும் என்று ஏங்கும் பெக்கோலாவின் கதை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் மறக்கமுடியாதது ஒரு சமையலறை. பெக்கோலாவின் அம்மா ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்கிறாள். சுடச்சுட இருந்த பழப் பலகாரத்தைப் பெக்கோலா தெரியாமல் தட்டிவிடுகிறாள். கொதிக்கும் சாறு காலில் கொட்டுகிறது. அம்மா ஓடிவந்து மகளை அடிக்கிறாள். பயந்து அழுத வெள்ளைக்காரக் குழந்தையை அணைத்துச் சமாதானம் செய்கிறாள். அந்தக் குழந்தை அவளைப் ‘பாலி’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடும். பெற்ற மகள் ‘மிஸஸ் பிரீட்லவ்’ என்பாள்.

நம் மொழிபெயர்ப்பாளர் அந்த ‘மிஸஸ் பிரீட்லவ்’வை எல்லா இடத்திலும் ‘அம்மா’ ஆக்கிவிட்டார். தமிழில் எந்தப் பிள்ளை பெற்ற தாயை அப்படிக் கூப்பிடும் என்று இரக்கப்பட்டிருப்பார். எந்தப் பிள்ளையும் கூப்பிடாது, அதனால்தான் அப்படியே விடவேண்டும். ‘அம்மா’ என்று மாற்றியதும் அந்த அடி, கோபக்காரத் தாய் ஒருத்தி கொடுத்த அடியாகிப்போனது.

இன்னொன்று. அதே நாவலில் ஜெரால்டின் என்ற வெளிர்நிறத் தாய் தன் மகனுக்குப் பாடம் எடுக்கிறாள். நாம் ‘கலர்டு’ மக்கள், சுத்தமானவர்கள், அமைதியானவர்கள். மற்றவர்களுக்கு அவள் சொல்வது அந்த வசைச்சொல். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள் என்கிறாள். வசைச்சொல் வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் இரண்டையும் ‘கறுப்பர்’ ஆக்கியிருந்தார்கள். ‘கறுப்பர்களுக்கும் கறுப்பர்களுக்கும் வித்தியாசம் உண்டு’ என்று வாக்கியம் வந்து நின்றது. ஒற்றுப்பிழை இல்லை. நான் திருத்த ஒன்றுமில்லை. கேள்விக்குறி மட்டும் மூன்று போட்டேன்.

பதிப்பாளர்களிடம் தனியாக ஒன்று. கறுப்பின எழுத்தாளர் என்றதும் அட்டையில் விலங்கு பூட்டிய கை, இல்லாவிட்டால் உயர்த்திய முஷ்டி. பின்னட்டையில் ‘நிறவெறிக்கு எதிரான சாட்டையடி’. ‘ஏழு தலைமுறைகள்’ மாதிரி நூலுக்கு அது பொருந்தும். அலெக்ஸ் ஹேலியின் அந்தக் கதையில் நிஜமாகவே கப்பலும் விலங்கும் சாட்டையும் உண்டு, அதைப் படித்துத்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் சாட்டை இல்லாத நூல்களை நீங்கள் கண்டுகொள்வதே குறைவு. குவெண்டொலின் புரூக்ஸ் 1953இல் எழுதிய ‘மாட் மார்த்தா’ என்ற சின்ன நாவலில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. கணவன் இவளைவிடக் கொஞ்சம் நிறம். ஒரு நடன விருந்துக்குக் கூட்டிப்போகிறான், இவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சிவப்பாக இருக்கும் ஒருத்தியோடு ஆடுகிறான். இவள் உட்கார்ந்து யோசிக்கிறாள்: என் நிறம் அவருக்கு ஒரு சுவர் மாதிரி, என்னிடம் இருப்பதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் அவர் அதை எக்கிக் குதிக்கவேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் சம்பவம். இதற்கு என்ன அட்டை போடுவீர்கள்? நான் சொல்லட்டுமா, ஒரு காலி நாற்காலி போதும்.

சிரிக்கவைக்கிற நூலும் உண்டு. ஜார்ஜ் ஷைலர் 1931இல் எழுதிய ‘பிளாக் நோ மோர்’ நாவலில் ஒரு மருத்துவர் கறுப்பர்களை வெள்ளையாக்கும் எந்திரம் கண்டுபிடிக்கிறார். நாடே வெளுத்துவிடுகிறது. கடைசியில், புதிதாக வெளுத்தவர்கள் அசல் வெள்ளையரைவிட அதிக வெள்ளை என்று தெரியவர, ரொம்ப வெளுப்பாக இருப்பது கேவலமாகி, எல்லோரும் கறுப்பாவதற்கு அலைகிறார்கள். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்து, 2020இல் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை மட்டும் உதறிய களிம்பை வாங்கும் நாட்டில் இந்த நாவல் நன்றாகவே விற்கும். வியாபாரக் கணக்காகவே சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். உரையாடல் பகுதிகளை முடித்ததும், படித்தவர்களிடம் காட்டாமல், வீட்டில் பெரியவர் யாரிடமாவது ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நான் செய்து பார்த்தேன். அம்மாவுக்கு இப்போது 76 வயது. தெர்மனின் நாவலில் அந்தப் பாட்டியின் மந்திரம் எனக்குத் தமிழில் பிடிபடவே இல்லை. ‘தலைமுறைதோறும் மேலும் வெண்மையாக’ என்றெல்லாம் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ‘ஒரு பாட்டிம்மா. பேத்தி கறுப்பாப் பொறந்திருச்சு. பாட்டி என்ன சொல்லியிருப்பா?’ என்று கேட்டேன்.

நிமிராமலே சொன்னார்: ‘இவளுக்காச்சும் செவத்த மாப்பிள்ளையாப் பாத்துக் கட்டணும், அடுத்ததாச்சும் நெறமா வரும்னு சொல்லியிருப்பா.’ ஒரு கைப்பிடி கீரையை உருவிப் போட்டுவிட்டு, ‘ஒன்னைத் தூக்கி மடில போட்டதும் ஒங்க ஆச்சி அதத்தான சொன்னாங்க’ என்றார்.

அந்த வாக்கியத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். தெர்மனை யாராவது கையில் எடுத்தால் கேளுங்கள், தருகிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புப் பார்ப்பவள்
மதுரை